நடுக்கட்டத்து இருட்டு

ஒன்பது கட்டங்களில் எட்டு சிவப்பாக ஒளிர்ந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாக ஒளிர வேண்டிய நடுக்கட்டம் மட்டும் இருண்டு கிடந்தது. மூன்றாவது கண்ணாடித் துண்டிலும் அதே கதைதான்.

பிரிட்டோரியாவின் ஓர் ஆய்வகத்தில் ஒனலென்னா வடிவமைத்தவை அவை. ஒவ்வொரு கட்டத்திலும் நாணயம்போல் தட்டையான, ஆயிரக்கணக்கான டைட்டானியம் ஆக்சைடு வில்லைகள். ஒரு வில்லையின் அகலம், தலைமுடியின் தடிமனில் முந்நூறில் ஒரு பங்கு. அவற்றின் மேல் ஒளிரும் நுண்துகள்கள். தனியாக விட்டால் துகள் நாலா பக்கமும் ஒளியை இறைத்து வீணாக்கும். சரியான அளவுள்ள வில்லையின் மேல் உட்கார்ந்தாலோ, வில்லை அந்த ஒளியைக் கணநேரம் தனக்குள் சுழலவிட்டு, நேராக மேலே ஒளியளவியின் லென்ஸை நோக்கி அனுப்பும். உலோக வில்லை என்றால் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும், இது விழுங்காது. எந்த நிறத்துக்கு எந்த அளவு என்பதுதான் கணக்கு. நடுக்கட்டம் அவள் கணக்கிட்ட அளவு. மற்ற எட்டும் ஒப்பிடுவதற்காக வேண்டுமென்றே கொஞ்சம் பிசகச் செய்தவை.

வெள்ளிக்கிழமைக்குள் நடுக்கட்டம் ஒளிராவிட்டால் ஆய்வகக் குழு அவளுடைய வடிவமைப்பைக் கைவிட்டுவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கும் துமெலோ, சுடச்சுட மக்வின்யா என்னும் பொரித்த மாவு உருண்டைகளோடு வந்தான். அவனுக்கு அவள் அவுசி, அதாவது அக்கா; அவளுக்கு அவன் அபுட்டி, அண்ணன்.

"முதல்ல சாப்பிடு, அவுசி. காலி வயித்துல கணக்கு எப்படி வரும்?"

"கணக்குல தப்பு இல்ல, அபுட்டி. வில்லைதான் கோணலோ என்னவோ."

"கோணலா! என் படத்தைப் பாத்துட்டுப் பேசு."

படத்தில் வில்லைகள் ஒன்றுபோல் வட்டமாக இருந்தன. துகள்களும் அவற்றின் மேலேயே இருந்தன.

"மத்த கட்டமெல்லாம்?"

"அதையெல்லாம் யாரு எடுப்பா? உன் உசிரு நடுவுலதானே இருக்கு. மூணு துண்டுலயும், நீ ஒளிய அளக்குறதுக்கு முன்னாடி, அதை மட்டும்தான் எடுத்தேன்."

ஒனலென்னா மெல்லுவதை நிறுத்தினாள். அந்த நுண்ணோக்கி ஒளியால் பார்ப்பதில்லை. எலக்ட்ரான்களைப் பொழிந்து பார்க்கிறது.

"ரெண்டாவது கட்டம் நல்லா ஒளிருதுல்ல? அதை ஒரு படம் எடு."

"எதுக்கு?"

"எடு, சொல்றேன்."

எடுத்தான். துண்டை மறுபடி ஒளியளவியில் வைத்தார்கள். இரண்டாவது கட்டமும் இருண்டிருந்தது.

"அட, கொன்னது நான்தானா?"

"கொல்லச் சொல்லிக் கையில குடுத்தது நான். நீ என்ன பண்ணுவ?" என்று சிரித்தாள்.

நான்காவது துண்டைப் படம் எடுக்காமல் நேராக ஒளியளவியில் வைத்தார்கள். நடுக்கட்டம் மற்றவற்றைவிட ஆறு மடங்கு ஒளிர்ந்தது. எலக்ட்ரான் மழை வில்லைகளை ஒன்றும் செய்யவில்லை, துகள்களைத்தான் கெடுத்திருந்தது. ஆகவே முதலில் ஒளியை அளக்க வேண்டும். எலக்ட்ரான் படம் அதற்குப் பிறகுதான்.