பெரிய வெள்ளியின் கிண்ணம்

மேலைக் கடலின் ஓதம் வடிந்து, கண்டல் மரங்கள் சேறு பூசிய வேர்க்கால்களுடன் வெளிப்பட்டு நிற்க, மிதித்த இடமெல்லாம் கிளிஞ்சல் நொறுங்கி ஒலிக்கும் எங்கள் தியம்பான் தீவின்மேல் பெரிய வெள்ளியின் நண்பகல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செனகல் கரையிலிருந்து நீண்டுவரும் மரப்பாலம் முடியும் இடத்தில் மாதா கோயிலின் வெண்கோபுரமும், அதற்கு எதிரே பள்ளிவாசலின் பச்சைத் தூபியும் ஒன்றன் நிழல் மற்றதன் வாயிலைத் தொடுமாறு நின்றன. அப்பால், கிளிஞ்சல் மேட்டில், சிலுவை நட்ட கல்லறைகளும் பிறை பொறித்த கல்லறைகளும் அண்டை வீட்டார்போல் அருகருகே கிடந்தன. கற்றறிந்த நெஞ்சினீர், இதைக் கேட்டதும் அங்கே அன்பு பெருகியோடியது என்று எண்ணிவிடாதீர். அன்று அத்தீவில் பெருகியது ஐயம் ஒன்றே.

பத்து நாளைக்கு முன் மீன்பிடிக்கப் போன ஒரு தோணியில் இருவர் இருந்தனர். ஒருவன் சிலுவைக் குடியைச் சேர்ந்த அன்செல்ம். மற்றவன் பள்ளிவாசல் தெருவின் இளைஞன் லாத்திர். கவிழ்ந்த தோணியைப் பற்றிக்கொண்டு திரும்பியவன் லாத்திர் மட்டுமே. அத்தோணியில் இருந்த ஒரே மிதவை, அன்செல்ம் தன் கையால் சிவப்பு வண்ணம் பூசிவைத்திருந்த மிதவை, கரையேறிய லாத்திரின் இடுப்பில் கட்டியிருந்ததைத் தீவு முழுவதும் கண்டது. கண்ட பின்னர் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

அன்றுமுதல் ஊர் வேலைகள் ஒவ்வொன்றாய் நின்றன. உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் கோயில் கூரையைச் சீர்செய்து தருவது பள்ளிவாசல் இளைஞரின் வழக்கம். யாரோ கீழிருந்து "மேலே நின்னு என்னத்த தள்ளிவிடப் போறானுங்களோ" என்று முணுமுணுக்க, அவர்கள் ஏணியைச் சாய்த்தபடியே விட்டுவிட்டு இறங்கிப்போயினர். ஒரு சமயத்தார் வீட்டில் இறப்பு நேர்ந்தால் மற்றச் சமயத்தாரே குழி வெட்டுவர். அழுகிறவன் கையில் மண்வெட்டியைக் கொடுப்பது அறமன்று என்பது எங்கள் முன்னோர் கண்ட முறை. இனி அவரவர் குழியை அவரவரே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இரு தெருவிலும் பேச்சு எழுந்தது.

எஞ்சியிருந்தது கிண்ணம் ஒன்றே. பெரிய வெள்ளியன்று கம்பு மாவைப் புட்டுப்போல் அவித்து, நிலக்கடலை விழுதும் யானைப்புளி மரக் கனியின் சாறும் கலந்து, ங்கலாக் என்னும் இனிய கூழைச் சமைத்து, தாங்கள் நோன்பிருந்தபடியே பள்ளிவாசல் தெருவுக்கு முதலில் அனுப்புவது சிலுவைக் குடியினர் மரபு. அன்செல்மின் மனைவி பெலிசித்தேயின் கிண்ணம் ஆண்டுதோறும் லாத்திரின் வீட்டுக்கே செல்லும். அவளுடைய கிண்ணம் போகாவிட்டால் வேறெவர் கிண்ணமும் போகாது என்பதை அறிந்து, அடுப்படி தோறும் நிறைந்த கிண்ணங்கள் மூடியபடி காத்திருந்தன.

பெலிசித்தே கூழைக் கிளறியபடியே இருந்தாள். அன்செல்மின் தமக்கை தெனிங் வாயிலை மறித்து நின்றாள்.

"யாருக்குடி இது? என் தம்பியோட மிதவைய இடுப்புல கட்டிட்டு வந்தவனுக்கா?"

"தெரியல அண்ணி."

"தெரியலயா? ஊரே பாத்துச்சு."

"மிதவையத்தான் பாத்துச்சு. யாரு கட்டினாங்கன்னு யாரு பாத்தா?"

தெனிங் வாயிலை விட்டு விலகினாள். பெலிசித்தேயும் இரவெல்லாம் அந்த முடிச்சையே அவிழ்த்தும் கட்டியும் கிடந்தவள்தான். ஆயினும் கிண்ணத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இரு தெருக்களும் கதவிடுக்கில் கண் வைத்துப் பார்க்க, கிளிஞ்சல் நொறுங்க நடந்தாள்.

பள்ளிவாசல் தெருவிலும் ஐயம் விழித்திருந்தது. "அந்த வீட்டுச் சாப்பாடு வந்தா தொடாதே, என்ன கலந்திருக்கோ" என்று லாத்திரின் தாய் காலைமுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மெலிந்து, தாடி மண்டி, வீட்டு முற்றத்தில் குந்தியிருந்த லாத்திர் பெலிசித்தேயைக் கண்டதும் எழுந்தான். எழுந்தவன் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டவில்லை.

அவன் தாயின் பார்வை கூழின்மேல் நிற்பதைப் பெலிசித்தே கண்டாள். கிண்ணத்தை இறக்கி, கரண்டியில் அள்ளி, தன் வாய்க்கே கொண்டுபோனாள். பொழுது சாயும்வரை நீரும் அருந்தாதவள் அவள். கூழில் நஞ்சில்லை என்று காட்ட அவள் இழக்க வேண்டியிருந்தது தன் நோன்பை.

லாத்திர் அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"வேணாங்க்கா. நோன்பு இன்னும் முடியலையே உங்களுக்கு."

அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தான் உண்டான். தாய் தடுக்க எழுந்தாள்; அவன் மறுபடியும் அள்ளினான். ஆண்டுதோறும் இந்த இடத்தில் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு வாய்ச்சண்டை உண்டு. அது பெலிசித்தேயின் நாவில் தானாகவே வந்தது.

"கடலை போதுமா?"

"கம்மிதான்க்கா," என்றான் லாத்திர். "எப்பவும் கஞ்சத்தனம்தான்." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். "மிதவைய அண்ணனேதான் கட்டிவிட்டாரு. நான் வேணாம்னேன். 'எனக்கு நீச்சல் வரும், ஒனக்கு வாய்தான் வரும்'னு சொன்னாரு. இத நீங்க நம்புவீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

அது அன்செல்ம் பேசும் பேச்சுத்தான்; அவனோடு பழகிய எவனும் புனைந்துவிடக்கூடிய பேச்சுமாகும். பெலிசித்தே இரண்டையும் எண்ணினாள்.

"நம்புறேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா கடல் அவரத் திருப்பிக் குடுத்துச்சுன்னா, குழிய நீதான் வெட்டணும்."

அவள் வெறுங்கையோடு திரும்பிவந்ததைக் கண்டபின், மூடிக்கிடந்த கிண்ணங்கள் ஒவ்வொன்றாய்த் தெருவைக் கடந்தன. மாலையில் பள்ளிவாசல் இளைஞர் கோயில் ஏணியில் மறுபடியும் ஏறினர். சில நாளில் கண்டற்காட்டு ஓடையொன்றில் அன்செல்மின் உடல் ஒதுங்க, கிளிஞ்சல் மேட்டில் லாத்திர் குழி வெட்டினான். அவன் போதிய ஆழம் வெட்டுகிறானா என்று பெலிசித்தே அருகிலேயே நின்று பார்த்தாள். இடுப்பளவு போதும் என்று பிறர் சொல்லியும் அவன் தோளளவு வெட்டினான்.

அவ்வாண்டு ஆடறுக்கும் பெருநாளில் லாத்திரின் வீட்டிலிருந்து ஒரு தொடை இறைச்சி அவளுடைய வாயிலுக்கு வந்தது. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எலும்புதான் நெறைய இருக்கு," என்று தெனிங்கிடம் சொன்னாள். "இருந்தாலும் பானைய எடுங்க அண்ணி."

ஐயம் தீர்ந்தபின் உறவாடுவோம் என்று காத்திருக்கும் ஊர், காத்திருந்தே அழியும். எங்கள் தீவில் ஐயம் தீரவில்லை, பெருமக்களே. அன்று ஓர் அடுப்பு மூண்டது. அதன்மேல் ஒரு பானை ஏறியது.