கண்ணாடியின் முதுகு

ஒரு வம்சத்தின் பெருமையை அதன் நஞ்சை சொல்லாது, கோவில் மண்டகப்படி சொல்லாது, அந்த வீட்டுக் கண்ணாடிதான் சொல்லும் என்பது ஸ்ரீவைகுண்டம் காந்திமதிநாத பிள்ளையின் சித்தாந்தம். வம்சம் பன்னிரண்டு தலைமுறை. கண்ணாடி மூன்று வருஷம். தூத்துக்குடியில் கடையை மூடிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய பஞ்சு வியாபாரி ஒருவன் கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன சாமான் அது. தேக்குச் சட்டமும் சிங்கக் கால்களுமாக, ஆள் உயரத்துக்கு நடுக்கூடத்தில் நின்றது.

டில்லி தர்பாருக்கு மறு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, தாலுகா கச்சேரிச் சேவகன் செய்தி கொண்டுவந்தான். சப் கலெக்டர் துரை அணைக்கட்டைப் பார்வையிட வருகிறார். ஏரல் பக்கம் வண்டி குடைசாய்ந்ததில் அவருடைய சவரக் கண்ணாடி உடைந்துவிட்டது. கடைத்தெருக் கண்ணாடிகளில் துரைக்கு மூக்கு கோணலாகத் தெரிகிறதாம். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை பிள்ளை வீட்டுக்கு வந்து முகச்சவரம் செய்துகொண்டு போவார்.

செய்தி அவ்வளவுதான். பிள்ளை ஊருக்குச் சொன்னது வேறு. குடும்பத்தின் கீர்த்தியைக் கேள்விப்பட்டுத் துரையே இல்லம் தேடி வருகிறார் என்றார். பெஞ்சு மாஜிஸ்திரேட் உத்தியோக விஷயமாகக் கலந்து பேச வேண்டியிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் அவரை ‘மாஜிஸ்திரேட் பிள்ளைவாள்’ என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை. இனி செவ்வாய்க்கிழமை பிசகினால் சன்னதித் தெருவில் தலைகாட்ட முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் சோறு பொங்குவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் துடைப்புதான். வேலைக்காரன் பரமசிவன் அரிக்கேன் சிம்னிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். சம்சாரம் சொர்ணாம்பாள் சாமி படங்களின் கண்ணாடியிலிருந்து பத்து வருஷத்து எண்ணெய்ப் புகையை வெந்நீர்த் துணியால் வழித்தெடுத்தாள். பிள்ளை பின்னால் கைகட்டி நின்று, வட்டமாகத் துடைக்காதே, மேலிருந்து கீழாகத் துடை என்று சாஸ்திரம் சொன்னார். அவர் ஜன்மத்தில் ஒரு டம்ளர்கூடக் கழுவியவரல்ல. பெரிய கண்ணாடிக்குச் சொர்ணாம்பாள் வெள்ளிதோறும் வைக்கும் சந்தனப் பொட்டையும் தடை செய்தார். லட்சுமி குடியிருக்கிற இடமென்று அவள் சொல்லிப் பார்த்தாள். துரை சவரம் செய்கிற இடம் என்றார்.

அந்தக் கண்ணாடியில் ஒரு கறை இருந்தது. பலாக்கொட்டை அகலம்தான். ஆனால் சரியாக மூக்கு தெரிய வேண்டிய இடத்தில் இருந்தது. விபூதி போட்டுத் துடைத்தார்கள். மோர், சீயக்காய், படிகாரத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பிள்ளை, குறைந்திருக்கிறதா என்று கேட்பார். குறைஞ்சிருக்கு என்பான் பரமசிவன். கறை அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது, அழுக்கு முன்பக்கத்தில் இல்லையோ என்று. எல்லோரையும் ஆற்றுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடியைத் திருப்பி, முதுகில் அடித்திருந்த பலகையைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். மேலிருந்து கீழ்வரை செங்காவி நிறத்தில் அப்பிக் கிடந்தது அழுக்கு. மூன்று வருஷமாக இதையா வம்சத்தின் பெருமை என்று கூடத்தில் நிறுத்தியிருந்தோம்?

இந்தப் பக்கத்து வீடுகளில் எதில் கறை என்றாலும் மருந்து ஒன்றுதான்: புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அழுக்கு லேசில் விடவில்லை. இரண்டு நாழிகை தேய்த்தார். காவி போனது, அதற்கடியில் வெள்ளை வெளேரென்று ஒன்று வந்தது, அதையும் விடாமல் தேய்த்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் கறை இருந்த இடமே தெரியவில்லை. இதுவல்லவோ சுத்தம் என்று பூரித்துப்போய், பலகையை மாட்டாமலே நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்.

கண்ணாடிக்குள் ஊஞ்சல் தெரிந்தது. அதற்கப்பால் நெல் பத்தாயம் தெரிந்தது. பத்தாயத்தின் மேல் உட்கார்ந்திருந்த பூனை தெரிந்தது. பிள்ளை தெரியவில்லை.

உச்சி வெயிலில் தலைத்துண்டுகூட இல்லாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். அங்கே கண்ணாடிச் சாமான் விற்கும் அகமது மீரான், காயல்பட்டினத்துக்காரர், கதையை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

“பிள்ளைவாள், முன்னால இருக்கது வெறும் சில்லு. பின்னால தேச்சுக் கழுவுனீரே, அதுதாம்வே கண்ணாடி.”

அந்த ரசத்தைத் திரும்பப் பூச முடியாதா என்றார் பிள்ளை. பட்டணத்துக்கு அனுப்பினால் இரண்டு மாசத்தில் வரும் என்றார் மீரான். நாளைக் காலையில் வேண்டுமே என்று பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மீரானுக்குச் சிரிப்பு போய் இரக்கம் வந்தது. பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டால் ஆள் மங்கலாகத் தெரியும், அல்லா விட்ட வழி என்றார்.

சைவ வேளாளர் வீட்டில் கறுப்புத் துணி ஏது? பிள்ளை வக்கீல் குற்றாலலிங்கத்திடம் போய், பூச்சி அரிக்காமல் வெயிலில் காயப்போட்டுத் தருகிறேன் என்று ஒரு பொய் சொல்லி அவருடைய கறுப்புக் கவுனை வாங்கி வந்தார். வரும் வழியில் கைலாசநாதருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டார். வீட்டு வாசல் வருவதற்குள் அது ஆயிரத்தெட்டாகிவிட்டது.

கவுனைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டு, முன்னால் திரை போட்டார். சொர்ணாம்பாளிடம், திருஷ்டி படாமல் கண்ணாடியை மூடி வைத்திருக்கிறேன் என்றார். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவருடைய தோல் உரிந்த விரல்களையும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த புளியையும் பார்த்தாள்.

“தேய்க்கணும்னு அம்புட்டு ஆசையா இருந்தா சொல்லியிருக்கலாமே. அடுக்களையில பதினாறு உருப்படி கிடக்கு.”

பிள்ளை முற்றத்தில் போய் உட்கார்ந்தார். துரைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டினார். அது பாவம் என்று தோன்றியதால், குதிரைக்கு வரட்டும் என்று மாற்றிக்கொண்டார்.

இரண்டுக்கும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் துரை வந்தார், தோளில் துண்டும் முகத்தில் சோப்பு நுரையுமாக. வாசலில் பாதி ஊர் நின்றது. பிள்ளை சரிகை அங்கவஸ்திரத்தோடு கும்பிட்டு, திரையை விலக்கினார். துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். பரீட்சைக்குப் படித்த தமிழில், சுத்தமாகக் கேட்டார்:

“ஐயா, இதன் உள்ளே ஒரு வக்கீல் தொங்குகிறார் அல்லவா?”

வாசல் கூட்டத்தில் குற்றாலலிங்கம் தம் கவுனை அடையாளம் கண்டுகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பிள்ளைக்குத் தாங்கவில்லை. துரையின் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போது சொர்ணாம்பாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பரமசிவன் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அவளுடைய சாந்துப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. துரை நின்றார். யாராவது பிடித்துக்கொண்டால் போதும் என்றார்.

பிள்ளை பிடித்தார். துரை ஆறடிக்கு மேல் இருந்ததால் முக்காலி போட்டு ஏறி நின்று பிடித்தார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். சவரம் முடிந்ததும் துரை துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, வந்தனம் என்று சொல்லிவிட்டு அணைக்கட்டுக்குப் போனார். உத்தியோகத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, பிள்ளையும் முக்காலியிலிருந்து சொல்லவில்லை.

துரையின் இடது காதோரம் விரலகலத்துக்கு மயிர் விட்டுப்போயிருந்தது. நாலு நாளாக அந்த வீட்டில் சாந்துப் பெட்டிக் கண்ணாடியை மட்டும் யாரும் துடைத்திருக்கவில்லை.