ஞானப்பிரகாசம் காய்த்த வருஷம்

வெள்ளைத்தாயின் கரிசல் காட்டில் யாராவது ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றால் வேர்விட்டுவிடுவார்கள். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவதையும் நடந்துகொண்டேதான் பேசுவார்கள்.

ஞானப்பிரகாசம் வெளியூர்க்காரர், பொருளாதார ஆராய்ச்சியாளர். மானாவாரி நிலத்தில் மரத்தையும் பயிரையும் சேர்த்து வளர்த்தால் எவ்வளவு வருமானம், எவ்வளவு எரிசக்தி மிச்சம் என்று கணக்கிடுவது அவர் வேலை. ஆவணியில் அங்கே வந்தவர், இரண்டு வேம்புகளுக்கு நடுவில் நின்று வெள்ளைத்தாய்க்கு விளக்கினார். மரத்தின் வேர் ஆழத்தில் குடிக்கும், பயிரின் வேர் மேலே குடிக்கும், ஆகவே சண்டை வராது என்றார். விளக்கம் நீண்டுவிட்டது. முடித்துவிட்டுக் காலைத் தூக்கினார், வரவில்லை.

வெள்ளைத்தாய் குனிந்து பார்த்து, பிடித்துவிட்டது என்றாள். அவருடைய ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

அவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இத்தனை காலம் மரங்களைப் பற்றி எழுதியவர், இனி மரமாக இருந்தே எழுதலாம். ஆனால் புரட்டாசிக்குள் இரண்டு கையிலும் இலை விட்டுவிட்டதால் பேனா பிடிக்க முடியவில்லை. உலகம் இழந்தது என்ன என்று அவர் சில நாள் வருந்தினார். உலகத்திலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை.

வெள்ளைத்தாய் கம்பு விதைத்திருந்தாள். அவளுக்கு அந்த வருஷச் சாப்பாடே அதுதான். மழை ஒரு தடவை பெய்துவிட்டு நின்றுகொண்டது. வேம்படியில் கம்பு இடுப்புயரம் வந்துவிட்டது. ஞானப்பிரகாசத்தைச் சுற்றி முழங்காலைத் தாண்டவில்லை. அவர் முதலில் மண்ணைக் குறை சொன்னார், பிறகு விதையை. வெள்ளைத்தாய் களைக்கொத்தால் கிளறிப் பார்த்தாள்.

"சார், உங்க வேரு கீழ போகவே இல்ல. மேலாக்கவே மேயுது."

அவருடைய கட்டுரைகளைப் பற்றி ஒரு பேராசிரியரும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருந்தார்.

இப்படியே போனால் பிடுங்கத்தான் வேண்டும் என்று வெள்ளைத்தாய் வருத்தத்தோடு சொன்னாள். பிடுங்கி எங்கே வைப்பாள் என்று அவர் கேட்கவில்லை. பயிர்க் காப்பீடு பற்றிப் பேச வந்த ஒருவர் ஏற்கெனவே வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்.

"வேம்புக்கு என்ன செய்வீங்க?" என்று ஞானப்பிரகாசம் கேட்டார்.

"பக்கவேர வெட்டிவிடுவோம்."

"எனக்கும் வெட்டுங்க."

அவரைச் சுற்றிப் பள்ளம் தோண்டி வெட்டினாள். வலித்தது. அதன்பிறகு அவருக்குப் பேசத் தோன்றவில்லை. பேச்சு நின்றதும் வேர் இறங்கியது. கரிசலைத் தாண்டி, சுக்கான் பாறை இடுக்கில் நுழைந்து, ஓரிடத்தில் குளிர்ந்த ஈரத்தைத் தொட்டது. தான் எழுதியதெல்லாம் உண்மைதான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கம்பு தேறிவிட்டது. தை அறுப்பில் அவரடியில் கிடைத்த தானியம் வேம்படியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவர் அதைப் பொருட்படுத்தாதவர் போல இலையசைத்தார்.

பொங்கல் லீவில் அவர் மனைவி ரெஜினா மாற்று வேட்டியோடு வந்தாள். வேட்டிக்கு வேலையில்லை என்று கண்டு, அதை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டாள். வெள்ளைத்தாய் அவருடைய கிளைகளைக் கழித்துவிட்டு, இலையை ஆடுகளுக்குப் போட்டாள். சுள்ளியைக் கட்டி ரெஜினாவிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் ரெஜினா திரும்பி வந்து, புகையே இல்லை, சோறு சீக்கிரம் வெந்துவிடுகிறது, சிலிண்டர் அப்படியே இருக்கிறது என்றாள்.

"கல்யாணமாகி இப்பத்தான்க்கா வீட்டுக்கு உபயோகமா இருக்காரு."

அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ரெஜினா அவர் நிழலில் உட்கார்ந்து, தண்டில் முதுகைச் சாய்த்து, நன்றாகத் தூங்கினாள். அவர் வெயில் நகர நகரக் கிளையையும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

மாசியில் அவர் பூத்தார், பங்குனியில் காய்த்தார். காய் சற்றுக் கசப்பு. ஆனாலும் ஆடுகள் விரும்பித் தின்றன. மறுநாள் காலை அவை மேய்ச்சலுக்குப் புறப்படவில்லை. பட்டியில் வட்டமாகப் படுத்து, போய்வருகிற நடைக்கு அந்தப் புல் கட்டுபடியாகுமா என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தன. வெள்ளைத்தாய் கூழைக் குடித்துக்கொண்டே, அவை ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.