காரணம் எழுதும் கட்டம்

“காரணத்தை முழுசா எழுதுங்க சார்.”

அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்துக் கேட்டே விட்டாள். டாக்டரிடம் இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று மாமா படிக்குப் படி சொல்லித்தான் மேலே அழைத்து வந்திருந்தார். அவர் முழங்கை அவள் விலாவில் இடித்தது.

“எழுதியிருக்கேனேம்மா. ஹார்ட் நின்னுடுச்சு.”

“எல்லாருக்கும் கடைசில அதுதான் சார் நிக்குது.”

“பாப்பா துக்கத்துல பேசுது. நீங்க கையெழுத்தைப் போடுங்க சார்,” என்று மாமா சிரிக்கப் பார்த்தார். “வண்டிக்காரன் வேற கீழ ரெண்டு தரம் ஹாரன் அடிச்சுட்டான்.”

அப்பா விடியும்போது போய்விட்டார். அவர் இருபத்திரண்டு வருடம் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில் நகல் எழுதியவர். மக்கிப்போன இங்கிலீஷ் பதிவேடுகளை எழுத்துக்கு எழுத்து பார்த்துப் புதுத் தாளில் இறக்க வேண்டும். பிழை என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. பிரஷ் பட்டால் மை உதிருமாம். பக்கத்தில் படர்ந்த பூஞ்சையை வாயால் ஊதித்தான் போக்குவார்கள். ஊதிய பிறகு மூச்சை உள்ளே இழுத்துத்தானே ஆக வேண்டும்?

மகனுக்கு இங்கிலீஷில் ‘சன்’ என்கிறார்கள், நடுவில் எதற்கு ஓ எழுதுகிறார்கள் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள்தான். இரண்டாம் வருடம் பதிலோடு வந்தாள். “முன்னாடி யூதான்ப்பா இருந்துச்சு. அந்தக் காலத்துக் கையெழுத்துல யூ, என், எம் எல்லாமே வேலிக் கம்பு மாதிரி ஒரே குச்சி குச்சியா இருக்கும். எது எதுன்னு தெரியாது. படிக்கிறவன் தடுமாறக் கூடாதுன்னு நகல் எழுதினவங்க யூவை எடுத்துட்டு ஓ போட்டுட்டாங்க.”

“அட, இது நம்ம ஆளுங்க பண்ண வேலையா!” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வந்ததும் சொன்னார்: “ஒருத்தன் எழுதிட்டா போதும்டி. பின்னாடி வர்றவன் ஏன்னு கேக்காம அதையே எழுதுவான். நானே கேக்க மாட்டேனே!”

அவள் பூஞ்சையைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடினார். “நுரையீரல்ல பூஞ்சைன்னு சும்மா எழுத முடியாது. போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். பாடி நாளைக்குத்தான் கெடைக்கும். நீங்க சம்மதம் எழுதித் தரணும்.” ஒரு ஃபார்மைத் தள்ளினார்.

வெளியே வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார். “அறுத்துப் பாத்தா எழுந்து வந்துடுவாரா? ஒண்ணுமே இல்லேன்னு வந்துட்டா என்னடி பண்ணுவே?”

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. ஒன்றும் இல்லையென்றால், பெற்ற அப்பனைச் சும்மா கிழித்தவள் ஆவாள்.

“அந்த ரூம்ல இன்னும் மூணு பேர் ஊதிக்கிட்டு இருக்காங்க மாமா. ஹார்ட்டுன்னு எழுதிட்டா, ஆபீஸ்ல ஜன்னல்கூட வைக்க மாட்டான்.”

“ஊருக்கு உழைக்கிற மூஞ்சியப் பாரு.”

தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் வழுக்கியது.

அப்பாவைக் கிடத்தியிருந்த அறையில் அம்மா, அவருக்கு வெளுத்த சட்டை மாட்டிப் பொத்தானெல்லாம் போட்டு, புறப்படத் தயாராக வைத்திருந்தாள். மகள் வாயைத் திறக்குமுன் அம்மாவின் கண் அந்தத் தாளுக்குப் போனது.

“அறுக்க விடாதடி.”

“அந்த ரூம்ல இன்னும் மூணு பேர் இருக்காங்கம்மா.” கீழே ஹாரன் அடித்தது.

அம்மா குனிந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை.

“வண்டியை அனுப்பிடுங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, மகள் அந்தத் தாளோடு திரும்பிப் பாராமல் டாக்டரின் அறைக்கு நடந்தாள்.