சண்டை மீனுக்குக் கொஞ்சம் மெதுவாகத் தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்தப் பெரிய விஷயத்திலிருந்தும் பிறக்கவில்லை. என் வீட்டில் ஒரு சின்ன மீன்தொட்டி இருக்கிறது. ஃபில்டர் பீய்ச்சியடித்த வேகத்தில் மீன் மூலையில் ஒண்டிக்கொண்டு தவித்தது. அந்த வேகத்தைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, இதே தொல்லை அறுபதுகளில் கோட்டைப்பட்டினத்தில் ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று தோன்றிவிட்டது. அப்புறம் என் மீனையே மறந்துவிட்டேன். (அது நலமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.)

முதல் தொடக்கம்: “கடலலைகள் சோம்பலாகக் கரையை...” வேண்டாம். அலைகளுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

இரண்டாவது: “புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், 1963இல்...” அதுவும் சரிப்படாது. அப்போது அந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

மூன்றாவது: சாரா உம்மாள் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது போதும்.

2

மீன், சிவப்புச் சண்டை மீன். சாராவின் புருஷன் பக்கீர் முகமது பினாங்கிலிருந்து ஜாடியில் வைத்துப் பிள்ளையைப் போலக் கொண்டுவந்தது. கூடவே கரண்டில் ஓடும் ஒரு குட்டி மோட்டார். தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, குழாய் வழியாகத் திரும்பக் கொட்டும். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தித் தொட்டி செய்யவும் அவர் அங்கே கற்றிருந்தார். புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரத்தினவேல் வெள்ளிக்கிழமை வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துப்போய்க் கடைக்கு ஒன்று கேட்டால், பக்கீர் ஊரிலேயே தொட்டி செய்து விற்கும் தொழில் தொடங்கிவிடுவார். இல்லாவிட்டால் மறுபடியும் பினாங்கு வேலைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டியதுதான். போனால் வருஷக்கணக்காகும்.

ஆக, மீன் நன்றாக இருந்தாக வேண்டும். அது நன்றாக இல்லை என்பது சாராவுக்குத் தெரிந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் தள்ளத் தள்ள எதிர்த்து நீந்தி, வாலோரம் கிழிந்து, தீனியையும் தொடவில்லை.

பக்கீருக்கு அது உறைக்கவே இல்லை. [இங்கே அவரைக் கொஞ்சம் மக்காக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், பாவம்.] பரம்பரையாக வலை போட்ட குடும்பம். அந்தக் கரையில் அசையாத மீன் என்றால் கூடையில் கிடக்கும் மீன். துள்ளினால்தான் உயிர். அதனால் மீன் படாதபாடு படுவதைப் பார்த்து மனிதர் பூரித்துப்போனார். அண்டை அயலையெல்லாம் கூப்பிட்டு, எப்படி எதிர்த்து நிற்கிறது பாருங்கள் என்று காட்டினார்.

3

சாரா மோட்டாரை நிறுத்திப் பார்த்தாள். தண்ணீர் கலங்கி வாடையடித்தது. குழாய் வாயில் துணியைக் கட்டினாள். மோட்டார் முக்கி முனகிச் சூடேறியது. போதுமடா சாமி என்று நான் பேனாவை வைத்துவிட்டேன். அவள் விடவில்லை.

குடத்திலிருந்து பானைக்குத் தண்ணீர் மாற்றும்போது அடிமண்டி கிளம்பாமலிருக்க நடுவில் உள்ளங்கையைக் கொடுப்பது அவள் வழக்கம். தொட்டிக்குள் நாளெல்லாம் கையை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு கொட்டாங்கச்சியைச் சுரண்டி, ஆணியால் சுற்றிலும் பொத்தல் போட்டு, கொதிக்கவைத்துக் கழுவி, குழாய்க்கு அடியில் தூண்டில் நரம்பால் தொங்கவிட்டாள். தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொத்தல்களில் கசிந்து இறங்கியது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: என் தொட்டியிலும் இப்போது கொட்டாங்கச்சிதான். அவளைப் படைத்தவன் நான் என்றாலும், யோசனை அவளுடையது.)

4

கடைத்தெருவிலிருந்து திரும்பிய பக்கீர் தொட்டியைப் பார்த்தார். பாசிக்கு நடுவே மீன் ஆடாமல் அசையாமல் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போச்சா?”

“தொட்டுப் பாருங்க மச்சான்.”

விரலை விட்டார். மீன் செவுளை விரித்து விரலோடு சண்டைக்கு வந்தது. பிறகு தன் இடத்துக்கே போய் நின்றுகொண்டது.

“தூங்குது. வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் தூங்குது,” என்றாள் சாரா.

பக்கீர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, பினாங்கு சாமானுக்குள் கொட்டாங்கச்சி தொங்கினால் ஜவுளிக்கடைக்காரர் என்ன நினைப்பார் என்று அதைக் கழற்றக் கையை நீட்டினார். மீனைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது.

5

முடிவு (அ): ரத்தினவேல் வருகிறார், பார்க்கிறார், கொட்டாங்கச்சியோடு சேர்த்து ஒன்று வேண்டும் என்கிறார்.

முடிவு (ஆ): ரத்தினவேல் டீ குடித்துவிட்டு, பேஷாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் சாரா கதவுக்குப் பின்னால் டீத்தட்டோடு நிற்கிறாள். அவள் புருஷன் போவதா இருப்பதா என்று யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் முடிவு செய்கிறார். இது என்ன நியாயம்? கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். தொட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தீனி தின்னும் மீனைப் பார்ப்பதே அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்போது, நான் எழுதாமலே, சாரா பேசினாள்.

“நாளைக்கு அவுக வாங்குனாலும் சரி, வாங்காட்டியும் சரி. நீங்க போக வேணாம் மச்சான். நீங்க இல்லாம என்னால இங்கிட்டு இருக்க முடியலங்க.”

பக்கீர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார்.

இதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சரி என்பாரோ, முடியாது என்பாரோ, உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று: முடியாது என்று எழுதப்போகிறவர்கள் சாராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நான் முயன்றேன். கை வரவில்லை.