யாசிர் மச்சான் போட்ட பூட்டு

முஹ்யித்தீன் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஆத்தூரிலிருந்து காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். கல்லூரியில் மூன்று வருடமாக என்னோடு ஒரே பெஞ்சில் தூங்குகிறவன் அவன். "லாத்தாவுக்கு ஒரு ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குலே தாணு, நீ வா" என்றான். நான் படிப்பது விலங்கியல். துறைத்தலைவரின் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப்போட்டு ஓடவைத்ததிலிருந்து எனக்குக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று பெயர் வந்துவிட்டது.

லாத்தா என்றால் அவனுடைய அக்கா பதுருன்னிஸா. அவர்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். யாசிர் மச்சானும் அப்படி வந்து, நான்கு மாதம் மாடி அறையில் இருந்துவிட்டு, அதே பெட்டியோடு சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடம் ஆகிறது. போவதற்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில் ஏதோ வீடியோ எடுத்து ஒரு ஃபோல்டரில் வைத்துப் பூட்டி, லீவுக்கு வந்ததும் இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். இந்த மாதம் வரவேண்டியவர். போன வாரம் கம்பெனி லீவை ரத்து செய்துவிட்டது. "நீயே தொறந்து பாத்துக்கோ" என்று போனில் சொன்னாராம். திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது.

கம்ப்யூட்டர் உள்கூடத்தில் இருந்தது. நான் முன்னறையில். நடுவில் பச்சைத் திரை. நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் பார்க்கவேண்டும். முஹ்யித்தீன் நடுவில் நின்று ஸ்கிரீனைப் படித்துச் சொல்வதாக ஏற்பாடு.

"நீ வெளிய போய் தம்பி பக்கத்துல உக்காரு" என்றது திரை.

"நான் இல்லாம எப்படி லாத்தா?"

"எனக்குப் படிக்கத் தெரியும்லே. நான் படிச்ச பி.காம்ல ஒனக்கு மாரி மூணு அரியர் இல்ல."

வந்து உட்கார்ந்தான். எதிரே தட்டில் முறுக்கு இருந்தது.

"அக்கா, மச்சானோட அக்கவுண்ட்ல நுழையணும். பாஸ்வேர்டு வேணும்" என்றேன்.

அவர் மச்சானிடம் கேட்டுப் போனில் மெசேஜ் அனுப்பினார். பதில் வந்த சத்தம் கேட்டது.

"என்ன பாஸ்வேர்டு லாத்தா?" என்றான் முஹ்யித்தீன்.

"ஒனக்கு எதுக்கு."

கீபோர்டு மெதுவாகத் தட்டப்பட்டது.

"இப்ப ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. என்னென்ன பேரு இருக்கு?"

"யாசிர். பதுரு. யூசர்ஸ். எவ்ரிஒன்."

"எவ்ரிஒன்ல டிக் எங்க இருக்கு?"

"டினைல."

விஷயம் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர். மச்சான் எல்லாருக்கும் மறுப்பு என்று போட்டுவிட்டு, தனக்கும் மனைவிக்கும் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். அனுமதியைவிட மறுப்புத்தான் செல்லும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் அவரிடம் கேட்டிருக்கும். எஸ் அழுத்தியிருப்பார். மாமியார் வீட்டில் 'எல்லாரும்' என்று சொல்லும்போது எந்த மாப்பிள்ளையும் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை தெரியாது. அவரையும் சேர்த்து எண்ணிவிட்டது, அவர் மனைவியையும்.

"எவ்ரிஒன்ன எடுத்துருங்கக்கா. எடிட், ரிமூவ். பெறவு தொறந்து பாருங்க."

இரண்டு கிளிக் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல் கூடத்தில் பேசியது.

"பதுரு, பெட்டி முப்பத்தி ரெண்டு கிலோ காட்டுது. மாசிக் கருவாட்ட எடுத்துருவமா?"

"மாசிய எடுக்கக்கூடாது. ஒங்க சட்டைய எடுங்க."

"சட்டை இல்லாமயா போவ?"

"போங்க. அங்கன யாரு பாக்கப் போறா."

அவர் சிரித்தார். வீடியோவிலிருந்த லாத்தாவும் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்த லாத்தாவிடமிருந்து சத்தமே இல்லை.

அடுப்படியிலிருந்து உம்மா கேட்டார்கள். "ஏளா பதுரு, மாப்பிள்ளை கொரலு கேக்குதே. தண்ணி குடுத்தியா?"

லீவு ரத்தானது உம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் தம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது. மாடியில் கதவு திறந்தது. இரண்டு பேர் படியில் ஓடி இறங்கினார்கள். வீடியோ நின்றது.

"இல்ல உம்மா. கம்ப்யூட்டரு."

பிறகு உம்மா, "மொண்டது மொண்டாச்சு, வந்த புள்ளைக்குக் குடு" என்றார்கள். மாப்பிள்ளைக்கு எடுத்த தண்ணீரை நான் குடித்தேன்.

எல்லாரும் கலைந்தபிறகு திரை பேசியது. "தம்பி, இப்ப இத யாரெல்லாம் தொறக்கலாம்?"

"வீட்ல எல்லாருந்தான். பூட்ட எடுத்துட்டோம்லா."

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும்னு வைக்க முடியுமா? அவங்க நெனச்ச மாதிரி."

"முடியும்க்கா. யாரையும் தடுக்க வேண்டாம். மத்த பேர எடுத்தாலே போதும்."

அட்வான்ஸ்டுக்குள் போய், மேலிருந்து தானாக வந்து ஒட்டுகிற அனுமதிகளைத் துண்டிக்கச் சொன்னேன். பிறகு மிச்சமிருந்த பெயரை எடுக்கச் சொன்னேன். அவர் வாசித்து எடுத்தார்.

"யூசர்ஸ் போயிட்டு."

"அதுல நானும் உண்டாலே?" என்றான் முஹ்யித்தீன்.

"உண்டு. போயிட்ட."

"எங்க வீட்டுலயா?" என்று முறுக்கை எடுத்தான்.

"இப்ப என்ன பேருக்கா இருக்கு?"

"யாசிர்." கொஞ்சம் பொறுத்து, "கீழ பதுரு."

"அவ்வளவுதான். அப்ளை குடுத்துட்டு மூடிருங்க."

ஒரு கிளிக் கேட்டது. இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அக்கா, மூடியாச்சா?"

"அப்ளை குடுத்துட்டேன் தம்பி. மூடல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

வீடியோவையும் அவர் போடவில்லை. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு நாலரை மணிக்கு ஆத்தூர் பஸ். அதை விட்டால் ஐந்தே காலுக்கு. முஹ்யித்தீன் முறுக்கை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே வைத்திருந்தான். நானும் ஒன்றை எடுத்து, சத்தம் வராதபடி வாயில் ஊறவைத்துத் தின்றேன்.