ஜூன் பன்னிரண்டு

சுரேஷ்கண்ணனுக்கு வேலை போய்விட்டது என்பது அவன் மனைவி நாகஜோதிக்கு, அவன் சார்ஜாவிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக லீவில் வந்து போகிறவன், இந்த முறை பெட்டியில், அங்கே அவன் சோறாக்குகிற எலெக்ட்ரிக் குக்கரையும் போர்த்திக்கொள்கிற கம்பளியையும் கொண்டுவந்திருந்தான். திரும்பிப் போகிறவன் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். அவள் ஒன்றும் கேட்காமல் அதை மடித்து பீரோவுக்கு மேலே வைத்தாள். அவராகச் சொல்லட்டும் என்று இருந்தாள்.

நான்கு வாரம் ஆகிவிட்டது. சார்ஜா சம்பளத்தை நம்பி, சின்னமனூர்த் தோட்டத்தில் இன்னும் ஒரு ஏக்கருக்குத் திராட்சைப் பந்தல் போடப்போவதாக மாமனார் முத்துக்கருப்பன் தினமும் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. இப்போது எதுவுமே வருவதில்லை.

பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அன்றைய நிகழ்ச்சி. தேனி, கம்பம் பக்கத்திலிருந்து வெளிநாடு போய் வேலை பார்க்கிறவர்கள் கோடை லீவில் வருடா வருடம் ஒரு சாயங்காலம் கூடுவார்கள். இந்த வருடம் ஸ்டாண்ட்-அப் காமெடியும் மனசைப் படிக்கிற வித்தையும் உண்டு என்று, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவை நடத்தும் இம்மானுவேல் ஒரு படிவத்தை அனுப்பியிருந்தார். சுரேஷ்கண்ணன் அதை நிரப்பச் சொல்லி அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். பெயர், ஊர், வேலை பார்க்கும் நாடு. கடைசியாக, திரும்பிப் போகும் தேதி. அதை எழுதாமல் விட்டால் படிவம் போகவில்லை. எப்போதும் அவனுக்கு நாற்பத்தைந்து நாள் லீவு. அவள் விரல்விட்டு எண்ணி, ஜூன் பன்னிரண்டு என்று போட்டு அனுப்பினாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த காமெடிக்காரர் மைக்கைப் பிடித்ததுமே கூட்டம் அவர் பக்கம் போய்விட்டது.

"லீவுல வர்ற மாப்பிள்ளைக்கு மொத வாரம் கறிக்குழம்பு. ரெண்டாவது வாரம் முட்டைக்குழம்பு. மூணாவது வாரம் ரசம். நாலாவது வாரம் சோத்துக்கு முன்னாடியே ஒண்ணு வைப்பாங்க பாருங்க, 'டிக்கெட் எப்ப?'ன்னு ஒரு கேள்வி."

மண்டபம் அதிர்ந்தது. கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சுரேஷ்கண்ணனும் சிரித்தான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம். நாகஜோதி எல்லோரும் கை தட்டும்போது தட்டினாள், நிறுத்தும்போது நிறுத்தினாள்.

அடுத்து அழகுமலை வந்தார். கம்பத்துக்காரர், இப்போது கொச்சியில் பெரிய ஹோட்டல்களில் மனசைப் படிக்கிறாராம். ஒரு பெண் நினைத்த பூவைச் சொன்னார். ஒருவருடைய முதல் முதலாளியின் பெயரைச் சொன்னார். பிறகு சுரேஷ்கண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியை நினைக்கச் சொன்னார்.

"ஊர்ல எல்லாரும் ஒங்ககிட்ட கேக்குற தேதி. போறதுக்கு மனசே இல்ல. சரிதானே?"

"ஆமா."

"ஜூன் மாசம்." அழகுமலை அவன் நெற்றிக்கு நேராகக் கையை நீட்டினார். "பன்னெண்டாம் தேதி."

நாகஜோதிக்கு வித்தை விளங்கிவிட்டது. படிவத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார். மேடையில் நிற்கிறவன் மனசில் அப்படி ஒரு தேதியே கிடையாது என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சுரேஷ்கண்ணன் கண்ணைத் திறந்தான். அழகுமலையைப் பார்க்கவில்லை, கீழே உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான். மைக் வாய்க்கு அருகில் வந்தது.

"கரெக்ட்டு" என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வந்து உட்கார்ந்தவன் மேடையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீதேன் எழுதுனியா?"

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"நீங்க வந்தன்னைக்கே."

அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான். பிப்ரவரியில் கம்பெனியை மூடியது, வேறு வேலை தேடி இரண்டு மாதம் ஒரு நண்பனின் அறையில் கிடந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வராமல் போனது. பக்கத்துத் தெருவில் நடந்ததைக் கேட்பதுபோல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி முடிவில் ஒரு வழக்கம் உண்டு. ஜூனில் விமானம் ஏறுகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இட்லிப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் உலர்திராட்சையும் போட்ட ஒரு பையைக் கொடுத்து அனுப்புவார்கள். இம்மானுவேல் படிவங்களைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார். சுரேஷ்கண்ணனின் பெயர் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். தலைகள் திரும்பின.

அவன் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றான். "நான் போகலண்ணே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. காமெடிக்காரருக்குத்தான் பதில் கொடுக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். "ரசத்துக்கு ரெடியாயிட்டாரு" என்று அவரும் மேடை ஓரத்திலிருந்து கை தட்டினார். இம்மானுவேல் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"வெளையாட்டு போதும் தம்பி. புடி."

"இல்லண்ணே. வேலை போயிருச்சு. பிப்ரவரியிலயே."

மைக் இல்லாமல்தான் சொன்னான். இருந்தாலும் பக்கத்து வரிசைக்குக் கேட்டது, அங்கிருந்து அடுத்த வரிசைக்குப் போயிற்று. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. இம்மானுவேல் நீட்டிய பையைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார்.

வீடு போய்ச் சேருவதற்குள் சேதி மாமனாருக்குப் போயிருக்கும் என்று நாகஜோதி நினைத்தாள். நினைத்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் நீண்டது.

"குடுங்கண்ணே" என்றாள். "இங்கன இருந்தே சாப்புடுவாக."

பை கனமாக இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். சுரேஷ்கண்ணன் உட்கார்ந்தான். இம்மானுவேல் மேடைக்குப் போய் அடுத்த பெயரைப் படித்தார்.